டெல்டா வீட்டுக்கு வெப்பக் காப்பு: உமி, நார், பானை எதை எங்கே வைப்பது

சித்திரை மாதத்தில் தஞ்சாவூரிலோ மன்னார்குடியிலோ ஒரு கான்கிரீட் வீட்டில் இரவு ஒன்பது மணிக்கு விசிறியைப் போட்டால், மேலிருந்து இறங்குவது காற்றா அடுப்பனலா என்ற சந்தேகம் வரும். வெயில் இறங்கி வெகு நேரம் ஆகியிருக்கும். ஆனால் 5 அங்குலக் கான்கிரீட் தளத்தின் மேற்பரப்பில் ஏறிய சூடு அடிப்பக்கத்துக்கு வந்து சேர மூன்று நான்கு மணி நேரம் பிடிக்கிறது. பகலெல்லாம் குடித்த சூட்டைத் தளம் பாதி இரவு வரைக்கும் அறைக்குள் உமிழ்ந்துகொண்டே இருக்கும். இந்தச் சூட்டைத் தளத்திலேயே தடுத்து நிறுத்துவதற்கு நம் வயலிலும் தோப்பிலும் குயவர் சூளையிலும் கிடைக்கும் பொருள்களை எப்படிப் பயன்படுத்தலாம், எதை எந்த இடத்தில் பயன்படுத்தவே கூடாது என்பதைப் பார்ப்போம்.

காப்பு வேலையைக் கூரையிலிருந்துதான் தொடங்க வேண்டும். டெல்டா வட அட்சம் 11 டிகிரியை ஒட்டிக் கிடப்பதால், சித்திரை தொடக்கத்திலும் மறுபடி ஆவணி தொடக்கத்திலும் உச்சி வேளையில் சூரியன் நேர் தலைக்கு மேல் வந்து நிற்கிறது. அந்த நாள்களில் சுவர்கள் வாங்குவது காலை மாலை வெயிலை மட்டும்தான். நடுப்பகல் வெயில் முழுவதையும் மாடிதான் ஏந்துகிறது. கையில் இருக்கும் பணம் ஒரு வேலைக்குத்தான் போதும் என்றால், அந்த வேலை மாடியில் நடக்கட்டும்.

காப்பது எது

உமியோ நாரோ வைக்கோலோ தானாக வெப்பத்தைத் தடுப்பதில்லை. அவற்றின் இடுக்குகளில் அசையாமல் சிக்கியிருக்கும் காற்றுதான் தடுக்கிறது. வெப்பம் ஒரு பொருளின் வழியாகக் கடக்கும் எளிமையை ஓர் எண்ணால் குறிப்பார்கள். எண் சிறியதாக இருந்தால் காப்பு நல்லது என்று பொருள். அசையாத காற்றுக்கு அது 0.026, தண்ணீருக்கு ஏறத்தாழ 0.6. காற்று இருக்க வேண்டிய இடுக்கில் தண்ணீர் புகுந்தால் வெப்பம் கடப்பது இருபது மடங்குக்கு மேல் எளிதாகிவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் நம் ஊரில் பெய்யும் மழையை நினைத்துப் பார்த்தால், வெளிநாட்டுக் கையேடுகளில் உள்ளதை அப்படியே இங்கே ஏன் செய்யக் கூடாது என்பது விளங்கும். எந்தக் காலத்திலும் காய்ந்திருக்கும் இடத்தில் மட்டும் உமியும் நாரும். நனையக்கூடிய இடத்தில் சுட்ட மண்ணும் சுண்ணாம்பும் என்ற ஒரே விதியை வைத்துக்கொண்டு மற்ற முடிவுகளை எல்லாம் எடுக்கலாம்.

மற்றப் பொருள்களுக்கான எண்களையும் தெரிந்துகொள்வது நல்லது. கம்பி கட்டிய கான்கிரீட்டுக்கு 1.58, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்த்த சுர்க்கிக்குச் சுமார் 0.73, தட்டோட்டுக்கு 0.8; உதிரி உமிக்குச் சுமார் 0.05, தென்னை நார் விரிப்புக்கு 0.04 முதல் 0.05 வரை. ஒரு அடுக்கின் கனத்தை மீட்டரில் எழுதி அந்த எண்ணால் வகுத்தால் அந்த அடுக்கின் தடுப்பு கிடைக்கும். 5 அங்குலத் தளம் 0.08 தருகிறது, அதன் மேல் 3 அங்குலச் சுர்க்கி 0.10, தட்டோடு, கலவை, அடிப்பூச்சு எல்லாம் சேர்ந்து 0.06 அளவில். கூரையின் இரு பக்கமும் ஒட்டி நிற்கும் காற்றுப் படலத்துக்கு 0.21 என்று சேர்த்துக்கொண்டால் மொத்தம் 0.45. ஒன்றை இந்தத் தொகையால் வகுத்தால் 2.2 வருகிறது, உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருக்கும்போது ஒரு சதுர மீட்டர் வழியாக இத்தனை வாட் வெப்பம் இறங்குகிறது என்று பொருள். சுர்க்கி போடாத வெறும் தளத்துக்கு அது 3.3. வீடுகளுக்காக மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு 2018-இல் வெளியிட்ட ஈகோ நிவாஸ் சம்ஹிதா கூரைக்கு வைத்திருக்கும் உச்சவரம்பு 1.2. முறையாகச் சுர்க்கி போட்டுத் தட்டோடு பதித்த நம் மாடியே அந்த வரம்பைத் தாண்டித்தான் நிற்கிறது.

அதே தளத்துக்கு அடியில் 2 அங்குல நார் விரிப்பைச் சேர்த்தால், எண்ணை 0.05 என்று தாராளமாகவே எடுத்துக்கொண்டாலும், தடுப்பு 1.45 ஆகி, இறங்கும் வெப்பம் 0.7-க்கு வந்துவிடுகிறது. பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு இதைப் போட்டுப் பார்க்கலாம். வெயிலேறிய தளத்துக்கும் அறைக்கும் 25 டிகிரி வித்தியாசம் என்று வைத்துக்கொண்டால், சுர்க்கித் தளத்தின் வழியே 600 வாட் அளவுக்கு வெப்பம் இறங்கும்; நார் சேர்த்த பிறகு 200 வாட்டுக்கும் குறைவு. மதியம் முழுவதும் தலைக்கு மேல் ஒரு சின்ன ஹீட்டரை எரியவிட்டிருந்தோம் என்பது கணக்குப் போட்ட பிறகுதான் உறைக்கிறது.

காப்புக்கு முன் இரண்டு வேலை

முதலாவது, ஒழுக்கு. மழைநீர்க் குழாய்களின் வாயைச் சாக்கும் களிமண்ணும் வைத்து அடைத்து, மாடியில் இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி, இரண்டு நாள் முழுதாக நிற்க விட வேண்டும். அடியில் ஒரு கையகலம் ஈரம் தெரிந்தாலும் அதைச் சரிசெய்யாமல் காப்பைத் தொடக் கூடாது. காப்புக்கு மேலே இருக்கும் ஒழுக்கு வெளியே தெரியாது. தெரியும்போது கம்பி துருப்பிடித்துக் கான்கிரீட் பொருக்கு விட்டிருக்கும்.

இரண்டாவது, வெள்ளை. வெயிலை உள்ளே வாங்கிவிட்டுத் தடுப்பதைக் காட்டிலும் வாங்காமல் திருப்பி அனுப்புவது மலிவு. நன்றாக நீற்றிய கிளிஞ்சல் சுண்ணாம்பை வடிகட்டி, வஜ்ஜிரப் பசையோ அரிசிக் கஞ்சியோ சேர்த்து, பங்குனியில் மாடிக்கு இரண்டு மூன்று பூச்சு அடித்துவிட்டால் அந்தக் கோடைக்கு வெயிலில் பெரும்பகுதி திரும்பிப் போய்விடும். மழைக்காலப் பாசி படிந்து அது கறுத்துப்போகும் என்பதும் உண்மைதான். அதனால் இதை ஆண்டுதோறும் செய்யும் வேலையாக ஏற்றுக்கொள்ள வேண்டும். வாடகை வீட்டில் இருப்பவர்கள் இந்த ஒன்றோடு நிறுத்திக்கொள்வதே போதும்.

உமி, நார், வைக்கோல்

நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமி. அதில் மணற்சத்து மிகுதி என்பதால் மற்றத் தாவரக் கழிவுகளைப் போல விரைவாக மக்காது. கொழுந்துவிட்டு எரியாமல் கனன்றே எரியும். கனல்வது நல்லது என்று எண்ணிவிட வேண்டாம். பரணில் கனலும் உமி வெளியே புகை காட்டுவதற்குள் கைமரத்தைத் தின்றுவிடும். வாங்கும்போது எந்த மில் உமி என்று கேட்பது முக்கியம். பழைய ஹல்லர் மில்லில் உமியும் தவிடும் கலந்து வரும். அதைக் காப்புக்கு வைத்தால் எலிக்கும் எறும்புக்கும் விருந்து வைத்தது போலத்தான். ரப்பர் உருளை வைத்த மில்லில் உமி தனியாக வரும், அதையே வாங்க வேண்டும். அதையும் ஒருமுறை தூற்றிவிட்டால் தவிடும் தூசியும் பறந்துவிடும். பிறகு கால் அங்குலச் சல்லடையில் உமி கீழே விழும்படி சலித்தால் வைக்கோல் துணுக்கும் மண்கட்டியும் மேலே தங்கிவிடும். அரைபடாத நெல் உமியோடே போய்விடும் என்பதால் அதைத் தரையில் பரப்பிக் கண்ணால் பார்த்துத்தான் பொறுக்க வேண்டும்.

திருவாரூர்ப் பக்கம் எங்கள் உறவினர் வீட்டில் இந்தப் பொறுக்கும் வேலையை விட்டுவிட்டு, ஓட்டுக் கூரைக்குக் கீழே பலகை மச்சின் மேல் உமியை அப்படியே ஐந்து அங்குலத்துக்குக் கொட்டியிருந்தார்கள். கார்த்திகைப் புயல் மழையில் இரண்டு ஓடு நகர்ந்ததை யாரும் கவனிக்கவில்லை. அறைக்குள் புழுங்கிய வாடை வந்த பிறகு ஏறிப் பார்த்தால், டார்ச் வெளிச்சத்தில் உமிக்கு மேல் ஒரு சாண் உயரத்துக்கு வெளிறிய நெல் நாற்று நின்றிருந்தது. உழாமலும் நீர் பாய்ச்சாமலும் மச்சில் தாளடி போட்ட வீடு என்று அந்தத் தெருவில் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். உதிரி உமியை மச்சில் கொட்ட வேண்டாம் என்பது அன்றைக்கு நான் எடுத்த முடிவு. அதற்கு மாற்று என்ன என்பதை ஓட்டு வீட்டுப் பகுதியில் சொல்கிறேன்.

தென்னை நார் இன்னும் உறுதியானது. மட்டையில் உள்ள மரச்சத்து அதிகம் என்பதால் சணலையும் வாழைநாரையும் காட்டிலும் மெதுவாகவே மக்கும். பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரத்தில் நார் ஆலைகள் இருப்பதால் பொருளுக்கு அலைய வேண்டியதில்லை. ஆனால் நாரையும் நார்த்தூளையும் ஒன்றாக நினைக்கக் கூடாது. தூள் தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைக்கும். செடிக்கு அது வரம், கூரைக்கு அது கேடு. விரிப்பை வாங்கும்போது ஒரு மூலையைப் பிடித்துத் தரையில் மூன்று தட்டுத் தட்டிப் பாருங்கள். பழுப்புத் தூள் குவியலாக விழுந்தால் அந்தச் சரக்கைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். உப்புத் தண்ணீரில் ஊறவைத்த மட்டையின் நார் ஆணியைத் துருப்பிடிக்கச் செய்யும் என்பதால், கடலோர ஊர்களிலிருந்து வரும் நாரை நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசிக் காயவைத்துக்கொள்ள வேண்டும்.

வைக்கோலைப் பற்றி எனக்குத் தயக்கம்தான். குறுவை வைக்கோல் புரட்டாசி, ஐப்பசி மழையில் நனைந்து கறுத்தே களத்துக்கு வருகிறது. அதைக் கட்டடத்தில் வைக்கவே கூடாது. தை, மாசியில் அறுக்கும் சம்பா வைக்கோல் மொறமொறப்பாகக் காய்ந்து வரும், காப்பும் நன்றாகவே இருக்கும், ஆனால் மாடு தின்னும் பொருளை மச்சில் ஏற்றுவதற்கு ஒரு நியாயம் வேண்டும். கரும்புச் சக்கையில் இனிப்பு மிச்சமிருப்பதால் எறும்பு விடாது. வெட்டிவேர்த் தட்டி காப்பு அல்ல; தண்ணீர் ஆவியாவதால் குளிர்விக்கும் பொருள் அது, நாகப்பட்டினத்து ஈரக் காற்றில் அதனால் பெரிய பலன் இராது.

தெர்மாகோலைப் பற்றியும் கேட்பார்கள். வெப்பத்தை அது தடுக்கும், மறுப்பதற்கில்லை. தீப்பிடித்தால் உருகிச் சொட்டும். எலி குடைந்து மணிமணியாக உதிர்த்துவிடும். உதிர்ந்தது வாய்க்கால் வழியே வயலுக்குப் போய் மக்காமல் கிடக்கும். அடியில் நார் வைக்க வசதி இருக்கும் வீட்டில் அதற்குத் தேவையில்லை.

உமியோ நாரோ ஈரமாக இருக்கிறதா என்று பார்க்க ஓர் எளிய சோதனை உண்டு. நன்றாகக் காய்ந்த கண்ணாடிப் புட்டியில் கால் பங்கு பொருளைப் போட்டு, இரண்டு தேக்கரண்டி தூள் உப்பைச் சேர்த்து மூடி, குலுக்கிவிட்டுப் பத்து நிமிடம் வைக்க வேண்டும். உப்பு பொலபொலவென்று உதிர்ந்தால் பொருள் காய்ந்திருக்கிறது. புட்டியின் பக்கத்தில் ஒட்டினாலோ கட்டியானாலோ இன்னும் இரண்டு நாள் வெயில் வேண்டும்.

கரையானுக்கும் பூஞ்சணத்துக்கும் வெண்காரம் நல்ல மருந்து. 10 லிட்டர் வெந்நீரில் 600 கிராம் வெண்காரமும் 400 கிராம் போரிக் அமிலமும் கரைத்து, விரிப்பின் இரு பக்கமும் சொட்டச் சொட்டத் தெளித்து, வெயிலில் சருகு போல ஆகும்வரை காயவிட வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கரைத்தால் தனித்தனியாகக் கரைப்பதை விட அதிகமாகக் கரையும். தீப்பற்றுவதையும் இது மட்டுப்படுத்தும். தண்ணீரில் கழுவுண்டு போகும் என்பதால் நனையும் இடத்துக்கு இந்த மருந்து பயன்படாது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள், மருந்து தெளித்த மிச்சத்தை மாட்டுக் கொட்டகைப் பக்கம் போடாதீர்கள்.

கான்கிரீட் தளத்துக்கு அடியில் நார்

விரிப்பு 10 மி.மீ. கனத்தில் சுருளாக வந்தால் ஐந்து அடுக்கு வைக்க வேண்டும். ஓர் அடுக்கின் இணைப்பு அடுத்த அடுக்கின் நடுவில் விழும்படி மாற்றி மாற்றி வைத்தால்தான் இடுக்கு வழியாகச் சூடு இறங்காது. தளத்தின் அடியில் இரண்டு அடிக்கு ஒரு ரீப்பர் (மரச்சட்டம்) வீதம், துருப்பிடிக்காத திருகாணிகளால் பிணைக்க வேண்டும். மூன்று அங்குல ஆழமுள்ள ரீப்பராக எடுத்தால், இரண்டு அங்குல நாருக்கு மேல் ஒரு அங்குலம் வெற்றிடம் மிஞ்சும். அந்த வெற்றிடத்தை வீண் என்று நினைத்து நாரை அடைத்துவிடும் ஆட்கள் உண்டு, அடைக்க விடாதீர்கள். பின்னால் எப்போதாவது ஒழுக்கு விழுந்தால் நீர் முழுவதையும் நார் குடித்துவிடாமல் ஓரிடத்தில் சொட்டிக் காட்டிக் கொடுப்பது அந்த ஒரு அங்குலம்தான். நார் தொங்காமல் இருக்கக் கோழிக்கூட்டுக்குப் போடும் கம்பி வலையை ரீப்பரின் அடியில் இழுத்து அடித்து, அதற்கும் அடியில் சிமென்ட் பலகையோ நன்கு நெருங்க முடைந்த மூங்கில் தட்டியோ பொருத்தலாம். தீயை எண்ணினால் சமையலறைக்குச் சிமென்ட் பலகைதான் சரி; படுக்கையறைக்கும் திண்ணைக்கும் மூங்கில் தட்டி அழகாக இருக்கும்.

சுவரை ஒட்டிய ஓரங்களில் இடைவெளி விடக் கூடாது. எலி நுழைவது அங்கேதான். மின்கம்பிகள் குழாய்க்குள் போக வேண்டும். நாருக்குள் புதைந்து நிற்கும் விளக்குகளைத் தவிர்த்துவிட வேண்டும். விசிறியின் கொக்கி தளத்தில் இருப்பதையே நீட்டிக்கொள்ள வேண்டும், ரீப்பரில் விசிறியை மாட்டுவது ஆபத்து. ஒவ்வோர் அறையிலும் ஒரு மூலையில் ஓரடிச் சதுரத்துக்குத் திறந்து மூடும் பலகை ஒன்றை வைத்துவிடுங்கள்.

ஏசி வைத்த அறைக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை. மழைக்காலத்தில் நம் ஊர்க் காற்றில் இருக்கும் ஈரம், 24, 25 டிகிரிக்குக் குளிர்ந்த பரப்பைத் தொட்டாலே நீராக இறங்கிவிடும். அறையை 20 டிகிரிக்குக் குளிர்வித்தால், வெளியிலிருந்து கசிந்து வரும் ஈரம் மேல்பலகையின் முதுகில் முத்து முத்தாகப் படியும். நாரின் அடிப்பக்கம் நனையும். அதனால் உள்பக்கம் பாலித்தீன் தாளோ பளபளப்பான பிளாஸ்டிக் பெயின்ட்டோ வேண்டாம். ஈரம் வந்த வழியே உலர்ந்து போகும்படி சுண்ணாம்பு அடித்துவிடுங்கள். ஏசியை 26-க்குக் கீழே இறக்காமல் இருந்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது. காப்பு வைத்த அறைக்கு 26-உம் விசிறியுமே போதும்.

தளத்துக்கு மேலே பானை

தளத்தின் மேல்பக்கம் எப்போதாவது நனையத்தான் செய்யும் என்பதால் அங்கே நாருக்கும் உமிக்கும் இடமில்லை. கவிழ்த்த மண்பானைதான் அந்த இடத்துக்கு ஏற்றது. அதற்குள் அடைபட்ட காற்று காப்பாகிறது, சுட்ட மண் நனைந்தாலும் கெடுவதில்லை. 6 அங்குல வாயுள்ள சிறு பானைகளைக் குயவரிடம் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். 100 சதுர அடிக்கு ஏறத்தாழ 360 பானை பிடிக்கும், உடைவதற்கு முப்பது நாற்பது கூடுதலாக. வழவழப்போ வேலைப்பாடோ வேண்டியதில்லை, நன்றாகச் சுட்டிருந்தால் போதும். விரலால் சுண்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும்.

ஒழுக்கு இல்லை என்று உறுதியான தளத்தில் பானைகளை நெருக்கமாகக் கவிழ்த்து அடுக்கி, இடைவெளிகளைச் சுர்க்கிக் கலவையால் நிரப்பி, பானையின் அடி மறைய ஒரு அங்குலம் மேலே போட வேண்டும். பொதுப்பணித் துறை வேலைகளில் வழங்கிவரும் விகிதம் 32 பங்கு செங்கல் ஜல்லிக்கு 12½ பங்கு நீற்றிய சுண்ணாம்பு, மணல் கிடையாது. கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துக் கொட்டாப்புளியால் அடித்து இறுக்குவது பழைய முறை. வெறும் சுர்க்கியை ஓங்கி அடிக்கலாம்; பானைக்கு மேல் அப்படி அடித்தால் ஓட்டாஞ்சில்லுதான் மிஞ்சும், அதனால் இலேசான கையுள்ள ஆளை உட்கார்த்தித் தட்டித் தட்டி இறுக்கச் சொல்ல வேண்டும். பத்தடிக்கு இரண்டு அங்குலம் வாட்டம் விட்டு, மேலே தட்டோடு பதித்து, இணைப்புகளை அடைத்து, வெள்ளை அடித்துவிட்டால் வேலை முடிந்தது.

எடைதான் இங்கே கவனிக்க வேண்டியது. 3 அங்குலச் சுர்க்கியும் தட்டோடும் சேர்ந்து சதுர மீட்டருக்கு 180 கிலோ அளவில் இருக்கும்; பானை அடுக்கு முறையில் அது 200 கிலோவை ஒட்டி வரும். பழைய சுர்க்கியைப் பெயர்த்துவிட்டு அந்த இடத்தில் இதை வைத்தால் தளத்துக்குப் பாரம் பெரிதாக ஏறாது. பெயர்க்கும் செலவை மிச்சப்படுத்துவதாக எண்ணிப் பழைய சுர்க்கியின் மேலேயே பானையை அடுக்கினால், தளம் தாங்குமென்று யாரும் கணக்குப் போடாத பாரத்தை அதன் தலையில் வைத்தவர்கள் ஆவோம். நம் வண்டல் மண்ணில் அடித்தளமே வெயிலுக்குச் சுருங்கி மழைக்கு உப்பும் நிலையில், கட்டடப் பொறியாளரிடம் காட்டாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது. நாரின் அளவுக்குப் பானையின் காப்பு வராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அடியில் கைவைக்காமல், அறையின் உயரம் குறையாமல், முப்பது ஆண்டுக்குத் தொல்லையில்லாமல் இருக்க வேண்டும் என்பவர்களுக்கு நான் பானையைத்தான் சொல்வேன்.

மொட்டை மாடியில் கீற்றுக் கொட்டகை போடும் வழக்கம் நம் ஊரில் இருக்கிறதே, அது எப்படி என்று கேட்டால், நிழலும் காற்றோட்டமும் சேர்ந்த அதற்கு ஈடு இணை கிடையாது. ஆனால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கீற்று மாற்ற வேண்டும், தீபாவளி ராக்கெட்டுக்குப் பயந்து இருக்க வேண்டும், 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா போன்ற புயல் வந்தால் அதைத் தேடி அடுத்த தெருவுக்குப் போக வேண்டும்.

ஓட்டு வீட்டுக்கு உமிக்களி

மங்களூர் ஓடோ நாட்டு ஓடோ வேய்ந்த வீட்டில் ஓட்டின் இடுக்கு வழியாகச் சூடு வெளியேறுவதால் இரவில் சிரமமில்லை; பகல் சூட்டைத்தான் தடுக்க வேண்டும். அதற்கு ஓட்டுக்குக் கீழே ஒரு மச்சு அமைத்து அதன் மேல் உமிக்களி பரப்புவதே எனக்குத் தெரிந்த நல்ல வழி. நெல் குதிர் செய்வதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கலவை புதிதல்ல; குதிரில் மண் அதிகம், இங்கே உமி அதிகம், அவ்வளவுதான் வேறுபாடு.

குளத்துக் களிமண்ணை இரண்டு நாள் ஊறவைத்து, மிதித்து, சாக்கில் வடிகட்டிக் கூழாக்கிக்கொள்ள வேண்டும். கூழ் சரியான பதமா என்று பார்க்க, கையை முக்கி எடுங்கள். கைரேகை மறைந்து, விரலின் வடிவம் மட்டும் தெரிந்தால் பதம் சரி. ரேகை தெரிந்தால் தண்ணீர் அதிகம், விரலிடுக்கு அடைந்துபோனால் மண் அதிகம். வெண்காரக் கரைசலை இந்தக் கூழிலேயே கலந்துவிடலாம். உமியைப் பரப்பி, கூழைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துப் புரட்ட வேண்டும். ஒவ்வோர் உமியின் மேலும் மண் ஒரு மெல்லிய சட்டை போலப் படிய வேண்டுமே தவிர, உமி மண்ணில் மூழ்கிவிடக் கூடாது. ஒரு பிடி எடுத்து அழுத்தினால் பிடிகொழுக்கட்டை போல விரல் தடத்தோடு நிற்க வேண்டும்; பிழிந்தால் ஒரு சொட்டும் விழக் கூடாது.

மச்சுக்கு மூங்கிலோ ரீப்பரோ கட்டி, அதன் மேல் பனையோலைத் தட்டியோ மூங்கில் தட்டியோ விரித்து, உமிக்களியை மூன்று அங்குலத்துக்குப் பரப்பி, பலகையால் இலேசாகத் தட்டிவிட வேண்டும். ஓங்கி அடித்தால் காற்று வெளியேறிவிடும், பிறகு அது வெறும் மண்தளம். காய்ந்த பின் இதன் எண் 0.1 அளவில் இருக்கும். உதிரி உமியைப் போல இரண்டு மடங்கு. ஆனால் எலி குடையாது, உமி சரிந்து ஓரத்தில் குவியாது, மண் போர்த்தியிருப்பதால் தீ எளிதில் பற்றாது. சதுர மீட்டருக்கு 30 கிலோ அளவில்தான் எடை இருக்கும் என்பதால் பழைய உத்திரமே தாங்கும். கரையான் அரித்த உத்திரம் என்றால் முதலில் அதை மாற்றுங்கள்.

காய்வதற்கு மூன்று வாரம் முதல் ஆறு வாரம் வரை ஆகும். மேலும் கீழும் காற்று புக வேண்டும், அதனால் அடிப்பூச்சை அவசரப்பட்டுப் பூசக் கூடாது. மாசியில் தொடங்கிப் பங்குனிக்குள் பரப்பிவிட்டால் சித்திரை வெயில் தன் வேலையைச் செய்துவிடும். ஆடிக்குப் பிறகு இந்த வேலையைத் தொடவே வேண்டாம். முதல் வாரத்தில் ஒன்றிரண்டு நெல் முளை எட்டிப் பார்த்தால் பயப்பட வேண்டியதில்லை, தண்ணீர் வற்றியதும் கருகிவிடும். ஓட்டுக்கும் மச்சுக்கும் நடுவில் இரு முக்கோணச் சுவரிலும் ஓர் அடிச் சதுரத்துக்குக் காற்றுத் துளை விட்டு, கால் அங்குலக் கம்பி வலை அடித்துவிட்டால் ஓட்டின் சூடு அங்கேயே வெளியேறும், வௌவாலும் குடியேறாது.

தகரமும் கல்நாரும்

தகரக் கூரைக்கும் இதே மச்சுதான், ஆனால் தகரத்துக்கும் காப்புக்கும் நடுவில் நாலு அங்குலமாவது காற்று ஓட வேண்டும்; மார்கழிப் பனியில் தகரத்தின் அடிப்பக்கம் வியர்த்துச் சொட்டும். கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) அட்டைக் கூரையில் துளை போடுவதோ அறுப்பதோ கூடாது. அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு என்பதால், அட்டையைத் தொடாமல் சுவரிலிருந்து சுவருக்குத் தனிச் சட்டம் அமைத்து அதில் மச்சைத் தாங்க விடுங்கள்.

சுவர்

சுவருக்குக் காப்பு வைப்பதைக் காட்டிலும் நிழல் வைப்பது மேல். மேற்குச் சுவரைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். வடக்குச் சுவரை மறந்துவிடுவார்கள். சித்திரை நடுவிலிருந்து ஆவணி தொடக்கம் வரை நடுப்பகலில் சூரியன் நமக்கு வடக்கே சாய்ந்து நிற்பதால், கத்திரி வெயில் நாள்களில் வடக்குச் சன்னலுக்கும் மேல்மறைப்பு வேண்டும். புதிதாகக் கட்டுபவர்கள் மேற்குச் சுவரை எலிப்பொறிக் கட்டில் எழுப்பலாம். கேரளத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பரவலாக்கிய அந்த முறையில் செங்கல்களைக் குத்தவைத்து நடுவே வெற்றிடம் விடுவதால் கல்லும் நாலில் ஒரு பங்கு மிச்சமாகும். அந்த வெற்றிடத்தில் உமியைக் கொட்டலாமே என்று கொத்தனார் யோசனை சொன்னால் ஏற்க வேண்டாம். சாரல் நனைத்த சுவருக்குள் உமி காய வழியே இல்லை.

மழைக்குப் பின்

தை பிறந்து பத்து நாள் வெயில் காய்ந்த பிறகு, ஒவ்வோர் அறையிலும் வைத்த அந்த ஓரடிப் பலகையைத் திறந்து முகர்ந்து பாருங்கள். நல்ல நாருக்குக் காய்ந்த கயிற்றின் வாடை இருக்கும். நனைந்த நாருக்குப் பழைய சாக்கின் வாடை. கையை விட்டு ஒரு பிடி நாரை உருவி எடுத்துப் புட்டியில் உப்போடு போட்டுக் குலுக்குங்கள். உப்பு கட்டியானால் மாடிக்கு ஏறி ஒழுக்கைத் தேட வேண்டும். அந்த இடத்து நாரை மட்டும் கழற்றி வெயிலில் போட்டு, மறுபடி வெண்காரம் தெளித்து, காய்ந்ததும் பொருத்திக்கொள்ளலாம். மச்சு உள்ள வீட்டில் ஏணி வைத்து ஏறி, ஓட்டின் இடுக்கில் பகல் வெளிச்சம் தெரியும் இடங்களைச் சுண்ணாம்புக் கட்டியால் குறித்துக்கொண்டு வாருங்கள். பங்குனியில் வெள்ளை அடிக்க ஆள் வரும்போது ஓடு மாற்றுபவரையும் சேர்த்துக் கூப்பிட்டுவிடலாம்.